தவ்ராத்தின் சட்டம் முஸ்லிம்களுக்கும் சட்டமா? ஓர் எளிய விளக்கம்

பினாங்கில் முஸ்லிம், இந்து, கிறிஸ்தவத் தமிழர்கள் ஒரே மேசையில் அமர்ந்து தே தாரேக் குடிக்கும் கடைகளில் சமயப் பேச்சு எழுவது புதிதன்று. மத்தியக் கிழக்குச் செய்திகள் சூடுபிடிக்கும் நாள்களில் அந்தப் பேச்சில், இஸ்லாமியச் சட்டமான ஷரீஅத்தையும் யூதர்களின் வேதமான தவ்ராத்தையும் பற்றி இரண்டு கூற்றுகள் தவறாமல் வந்துவிடும். "ஷரீஅத் என்பதே யூதர்களின் சட்டத்தைப் பார்த்து எழுதியதுதான்; பன்றி விலக்கு, சுன்னத், வட்டித் தடை எல்லாம் அங்கிருந்து வந்தவை" என்பது ஒன்று. "தவ்ராத் திரிக்கப்பட்டுவிட்டது, எங்கள் மார்க்கச் சட்டத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்பது மற்றொன்று. இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் இந்தக் கேள்வியை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நுணுகி ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுதியவற்றோடு இந்த இரண்டு கூற்றுகளுமே பொருந்தவில்லை.

கேட்டுத் தெரிந்துகொள்ள யூதர் எவரும் பக்கத்தில் இல்லாததும் குழப்பம் நீடிக்க ஒரு காரணம். ஒரு காலத்தில் இவ்வூரில் அவர்கள் வாழ்ந்தார்கள். ஜாலான் சைனல் அபிடினில் இன்றும் இருக்கும் யூத இடுகாடு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அந்தத் தெருவுக்கே முன்பு யூதர் தெரு என்று பெயர். நாகூரின் பெயரைத் தாங்கிய நாகோர் சாலையில் 1929இல் திறக்கப்பட்ட அவர்களது தொழுகைக்கூடம், கூட்டு வழிபாட்டுக்குத் தேவையான பத்து ஆண்கள் சேராத நிலையில் 1976இல் மூடப்பட்டது.

முதலில் சொற்கள்

மூஸா நபிக்கு (கிறிஸ்தவர்கள் சொல்லும் மோசே) இறைவன் அருளிய வேதத்தைக் குர்ஆன் தவ்ராத் என்கிறது. யூதர்கள் அதைத் தோரா என்பார்கள். அவர்களிடம் அது ஐந்து நூல்களாக இருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஆதியாகமம் முதல் உபாகமம் வரை என்று படிப்பவை அவையே.

ஆனால் யூதர்கள் வாழ்வில் கடைப்பிடிக்கும் சட்டம் அந்த ஐந்து நூல்களோடு முடிந்துவிடவில்லை. எழுத்து வேதத்தோடு ஒரு வாய்மொழி வேதமும் மூஸா நபிக்கு அருளப்பட்டதாக அவர்களின் மரபு நம்புகிறது. அந்த வாய்மொழி மரபு ஏறத்தாழ கி.பி. 200இல் மிஷ்னா என்னும் தொகுப்பாக உருப்பெற்றது. அதன் மீதான பல தலைமுறை விவாதங்கள் சேர்ந்து, ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனியத் தல்மூத் ஆயின. இவற்றிலிருந்து அறிஞர்கள் வகுத்தெடுக்கும் நடைமுறைச் சட்டம் ஹலாகா எனப்படும். தோராவில் 613 கட்டளைகள் இருப்பதாக அவர்களின் மரபு கணக்கிடுகிறது.

இஸ்லாத்தின் பக்கத்திலும் இதே போன்ற ஓர் அடுக்கு இருக்கிறது. ஷரீஅத் என்பது இறைவன் வகுத்த வழி. அந்த வழி இன்னதென்று குர்ஆனிலிருந்தும், நபிகள் நாயகத்தின் சொல், செயல் பதிவுகளான ஹதீஸிலிருந்தும் அறிஞர்கள் முயன்று புரிந்துகொண்டது ஃபிக்ஹ். அவ்வாறு புரிந்துகொள்ளும் முறையில் ஏற்பட்ட சட்டப் பள்ளிகளே மத்ஹபுகள். ஸுன்னி முஸ்லிம்களிடையே அவை நான்கு.

ஆகவே இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மூஸா நபிக்கு அருளப்பட்ட தவ்ராத்துக்கும் ஷரீஅத்துக்கும் என்ன உறவு என்பது முதலாவது. யூதர்களின் ஹலாகாவுக்கும் முஸ்லிம்களின் ஃபிக்ஹுக்கும் என்ன உறவு என்பது இரண்டாவது. கடைப் பேச்சுகளில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழைந்துவிடுகின்றன.

பினாங்கு நீதிமன்றத்தில் ஆங்கிலச் சட்டம்

சட்டம் படிக்காதவருக்கும் விளங்கும் ஒரு சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. 1807ஆம் ஆண்டின் அரச சாசனத்தின் வழியாக ஆங்கிலச் சட்டம் பினாங்குக்குள் வந்தது. 1957இல் நாடு விடுதலை பெற்றபோது பழைய சட்டங்கள் எல்லாம் ஒரே இரவில் செத்துவிடவில்லை. அவற்றை நீக்கும் அதிகாரம் உடையவர்கள் நீக்கும் வரை அவை நீடிக்கும் என்று கூட்டரசு அரசமைப்பின் 162ஆம் பிரிவு சொன்னது. தீபகற்ப மலேசியாவில் 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் வரையிலான இங்கிலாந்துப் பொதுச் சட்டத்தை, உள்நாட்டுச் சட்டம் வேறு ஏற்பாடு செய்திராத இடங்களில் கைக்கொள்ளலாம் என்று 1956ஆம் ஆண்டின் குடியியல் சட்டம் இடம் தருகிறது.

இன்று ஒரு பினாங்கு நீதிபதி பழைய ஆங்கிலத் தீர்ப்பு ஒன்றை எடுத்தாண்டால், இலண்டனுக்கு இங்கே அதிகாரம் இருப்பதாக அதற்குப் பொருள் இல்லை. அந்தத் தீர்ப்புக்கு இங்கே உயிர் கொடுப்பது மலேசியாவின் சட்டம். அது கதவைத் திறந்த அளவுக்குத்தான் பழைய சட்டம் உள்ளே வரும். மூடிய இடத்தில் வராது.

தவ்ராத்தின் சட்டங்களை இஸ்லாமியச் சட்டவியல் ஏறக்குறைய இவ்வாறே கையாள்கிறது. ஒரு பெரிய வேறுபாட்டை மட்டும் மறக்கலாகாது. இங்கே ஆட்சியாளர் மாறினார். முஸ்லிம்களின் நம்பிக்கைப்படி தவ்ராத்தையும் குர்ஆனையும் அருளியவன் ஒருவனே. ஆகவே முந்தைய சட்டம் அந்நியர் சட்டமாகாது. அதே சட்டமளிப்பவன் முன்னர் வேறொரு சமுதாயத்துக்குச் சொன்னது அது.

குர்ஆன் என்ன சொல்கிறது?

இந்த உறவின் அடிப்படை குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்தில், 43 முதல் 48 வரையிலான வசனங்களில் இருக்கிறது. தவ்ராத்தில் நேர்வழியும் ஒளியும் இருப்பதாகவும், நபிமார்கள் அதைக் கொண்டு தீர்ப்பளித்ததாகவும் அவை கூறுகின்றன. குர்ஆன் தனக்கு முந்தைய வேதத்தை மெய்ப்பிப்பதாகவும் அதைக் கண்காணிப்பதாகவும் சொல்லிவிட்டு, உங்களில் ஒவ்வொரு சமுதாயத்தாருக்கும் ஒரு சட்டத்தையும் ஒரு வழிமுறையையும் ஏற்படுத்தினோம் என்கிறது 48ஆம் வசனம். நபிமார்கள் அனைவரும் போதித்த ஓரிறைக் கொள்கை ஒன்றே. அவர்கள் கொண்டுவந்த சட்டங்கள் காலத்துக்கும் சமுதாயத்துக்கும் ஏற்ப வேறுபட்டன என்பது இதிலிருந்து அறிஞர்கள் வந்தடைந்த முடிவு. தவ்ராத்தில் விலக்கப்பட்டிருந்த சிலவற்றை ஈஸா நபி (இயேசு) ஆகுமாக்கினார், அதாவது அனுமதித்தார் என்று மூன்றாம் அத்தியாயத்தின் 50ஆம் வசனம் சொல்வதும் இதே அடிப்படையில்தான்.

இவ்வாறு பின்னர் வந்த இறைக்கட்டளை முந்தைய ஒன்றின் செயற்பாட்டை முடித்துவைப்பதற்கு நஸ்க் என்று பெயர். பழைய கட்டளை பிழையானது என்று இதற்கு அர்த்தமில்லை. அதன் தவணை முடிந்தது என்பதே அர்த்தம்.

"திரிக்கப்பட்டது" என்ற குற்றச்சாட்டுக்கு வழங்கும் சொல் தஹ்ரீஃப். முந்தைய வேதக்காரர்களில் (யூதர், கிறிஸ்தவர்) சிலர் சொற்களை அவற்றின் இடங்களிலிருந்து மாற்றினார்கள் என்று குர்ஆன் கூறுகிறது. மாற்றப்பட்டது எழுத்தா, பொருளா என்பதில் முஸ்லிம் அறிஞர்கள் ஒரே கருத்தில் இல்லை. 11ஆம் நூற்றாண்டில் முஸ்லிம் ஆட்சியிலிருந்த ஸ்பெயினான அந்தலூசியாவில் வாழ்ந்த இப்னு ஹஸ்ம், மூலப் பாடமே மாற்றப்பட்டது என்று கடுமையாக வாதிட்டார். தங்கள் வேதத்தின் எழுத்தையே ஒரு சமுதாயத்தார் அவ்வாறு மாற்றிவிடுவது வழக்கத்துக்குப் பொருந்தாது என்பது 14ஆம் நூற்றாண்டின் இப்னு கல்தூன் கொண்ட கருத்து. ஒரே வரியில் "எல்லாம் திரிந்துவிட்டது" என்று முடித்துவிடுபவர்கள், தங்கள் மரபிலேயே இவ்வளவு பெரிய உரையாடல் நடந்திருப்பதைக் காணத் தவறுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதுவரை பார்த்தவற்றின் சாரம் இது: தவ்ராத் இறைவேதம் என்று நம்புவது முஸ்லிமுக்குக் கடமை, அதன் சட்டம் அவரைக் கட்டுப்படுத்துமா என்பது வேறு கேள்வி.

முன்னிருந்தோரின் சட்டம்

அந்த வேறு கேள்விக்குச் சட்டவியலில் தனி அத்தியாயமே உண்டு. "நமக்கு முன்னிருந்தோரின் சட்டம்" என்று அதற்குப் பெயர். சிக்கல் இல்லாத இரண்டு நிலைகளை முதலில் ஒதுக்கிவிடலாம். முந்தையோருக்கு இருந்ததை நமக்கும் உண்டு என்று குர்ஆனோ ஹதீஸோ வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அது நமக்கும் சட்டம். உங்களுக்கு முன்னிருந்தோர் மீது விதிக்கப்பட்டது போல் உங்கள் மீதும் நோன்பு விதிக்கப்பட்டது என்னும் வசனம் இத்தகையது. மாறாக, அது அவர்களுக்கு மட்டுமே என்று சொல்லப்பட்டிருந்தால் நமக்குச் சட்டம் ஆகாது. ஆடு, மாடுகளின் கொழுப்பில் பெரும்பகுதி யூதர்களுக்கு விலக்கப்பட்டிருந்ததை ஆறாம் அத்தியாயத்தின் 146ஆம் வசனம் கூறுகிறது. அது அவர்களின் வரம்பு மீறலுக்கான தண்டனை என்றும் கூடவே கூறுகிறது. ஆகவே முஸ்லிமுக்கு அந்தத் தடை இல்லை.

முந்தையோரின் சட்டம் ஒன்றைக் குர்ஆன் எடுத்துரைத்துவிட்டு, உங்களுக்கும் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லாமல் கடந்துபோகும் இடங்களில்தான் விவாதம் தொடங்குகிறது. யூசுஃப் நபியின் வரலாற்றில் அரசரின் அளவைப் பாத்திரம் காணாமற்போகிறது. அதைக் கொண்டுவருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் உண்டு, அதற்கு நான் பொறுப்பு என்று அறிவிக்கப்படுகிறது. ஒரு வேலையை முடித்துத் தருபவருக்குப் பரிசுத்தொகை என்னும் ஒப்பந்தத்துக்கும், பிணை நிற்கும் ஒப்பந்தத்துக்கும் சட்ட அறிஞர்கள் இவ்வசனத்தை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். மலேசிய இஸ்லாமிய வங்கித் துறையில் இன்று புழங்கும் ஜுஆலா, கஃபாலா என்னும் ஒப்பந்தங்களின் வேர் இங்கே இருக்கிறது.

ஆதியாகமத்தின் 44ஆம் அதிகாரத்தில் யோசேப்பின் வெள்ளிப் பாத்திரம் பற்றிய அதே நிகழ்ச்சி வருகிறது. அங்கே ஒட்டகச் சுமைப் பரிசும் இல்லை. பிணை அறிவிப்பும் இல்லை. அதாவது, "முந்தையோரின் சட்டம்" என்று சொல்லிச் சட்ட அறிஞர்கள் கையிலெடுப்பது, தவ்ராத்தின் பிரதியைப் புரட்டிக் கண்டதை அன்று. குர்ஆனும் நம்பகமான ஹதீஸும் எடுத்துச் சொன்னதை மட்டுமே அவர்கள் எடுக்கிறார்கள். யூதர்களின் நூலில் மட்டும் இருப்பதும், யூதர் ஒருவர் சொல்லித் தெரியவருவதும் எந்த மத்ஹபிலும் சட்ட ஆதாரம் ஆவதில்லை. வேதக்காரர்கள் சொல்வதை உண்மை என்றும் ஏற்காதீர்கள், பொய் என்றும் மறுக்காதீர்கள் என்ற நபிமொழி இந்நிலைக்கு அடிப்படை.

குர்ஆன் மௌனமாகக் கடந்துபோகும் அந்த மூன்றாம் நிலையில், அது நமக்கும் சட்டமே என்பர் ஹனஃபி, மாலிகி மத்ஹபுகளின் அறிஞர்களில் பெரும்பாலோர். ஷாஃபி மத்ஹபில் வலுவாகக் கருதப்படும் நிலைப்பாடு, அது நமக்குச் சட்டம் ஆகாது என்பது. மலாய் முஸ்லிம்களும் மரைக்காயர்களும் ஷாஃபிகள், ராவுத்தர்கள் ஹனஃபிகள் என்பதால், இரண்டு நிலைப்பாடுகளின் வழிவந்தவர்களும் பினாங்கின் ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுகிறார்கள். நடைமுறையில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. ஹனஃபிகள் இவ்வழியில் அடையும் முடிவைப் பல நேரங்களில் ஷாஃபிகள் வேறொரு ஹதீஸின் வழியே வந்தடைந்துவிடுகிறார்கள்.

கண்ணுக்குக் கண்

யூத மதத்தையும் இஸ்லாத்தையும் ஒருசேரக் குறைகூற நினைப்பவர்கள் முதலில் தொடுவது இந்தச் சட்டத்தைத்தான். யாத்திராகமத்தின் 21ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. உயிருக்கு உயிர், கண்ணுக்குக் கண், மூக்குக்கு மூக்கு என்று தவ்ராத்தில் அவர்களுக்கு விதித்திருந்தோம் எனக் குர்ஆனும் ஐந்தாம் அத்தியாயத்தின் 45ஆம் வசனத்தில் நினைவூட்டுகிறது. இரண்டு நூல்களிலும் ஏறக்குறைய ஒரே வாசகம். இரண்டு மரபுகளும் அதைக் கொண்டு சென்ற இடங்கள் வேறு வேறு.

உடற்காயத்தைப் பொறுத்தவரை தல்மூத் இந்த வாசகத்தைப் பண ஈடு என்றே பொருள்கொள்கிறது. பார்வையற்ற ஒருவர் இன்னொருவரின் கண்ணைப் பறித்துவிட்டால் அவரிடமிருந்து எந்தக் கண்ணை எடுப்பது என்று அதில் ஓர் அறிஞர் கேட்கிறார். ஒருவரின் கண் பெரிது, மற்றவருடையது சிறிது என்றால் சமநீதி எங்கே என்று மற்றொருவர் கேட்கிறார். முடிவில், காயப்படுத்தியவர் உறுப்பிழப்பு, வலி, மருத்துவச் செலவு, வேலையிழப்பு, அவமானம் ஆகிய ஐந்துக்கும் ஈடு தரவேண்டும் என்று தல்மூத் வகுக்கிறது. விபத்து இழப்பீட்டு வழக்கு நடத்தும் இன்றைய வழக்கறிஞருக்கு இந்தப் பட்டியல் விசித்திரமாகத் தெரியாது. கொலையில் மட்டும் தோரா கண்டிப்பாக நிற்கிறது. கொலையாளியின் உயிருக்கு மீட்புப் பணம் வாங்கக்கூடாது என்கிறது எண்ணாகமத்தின் 35ஆம் அதிகாரம்.

இஸ்லாத்தில் ஈடான தண்டனைக்குக் கிஸாஸ் என்றும் ஈட்டுத்தொகைக்குத் தியத் என்றும் பெயர். வேண்டுமென்றே செய்த காயத்துக்குச் சம அளவுத் தண்டனை கோரும் உரிமை இங்கே கொள்கையளவில் நிலைக்கிறது. சம அளவு சாத்தியமில்லாத காயங்களில் ஈட்டுத்தொகைதான். ஆனால் முன்சொன்ன 45ஆம் வசனமே, மன்னித்து விட்டுக்கொடுப்பவருக்கு அது பாவப் பரிகாரமாகும் என்று முடிகிறது. இரண்டாம் அத்தியாயத்தின் 178ஆம் வசனம் கொலையிலும் மன்னிப்புக்கும் ஈட்டுத்தொகைக்கும் வழிவிட்டு, இது உங்கள் இறைவனிடமிருந்து வந்த சலுகை என்கிறது. எதைவிடச் சலுகை? இஸ்ரவேல் மக்களிடம் கிஸாஸ் இருந்தது, தியத் இருக்கவில்லை என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் விளக்கம் தருகிறார். எண்ணாகமத்தின் தடையோடு இந்த விளக்கம் அப்படியே பொருந்துகிறது.

காயத்தில் யூதச் சட்டம் பணத்துக்குச் சென்றுவிட்டது, கொலையில் செல்லவில்லை. இஸ்லாமியச் சட்டம் இரண்டிலும் பாதிக்கப்பட்ட தரப்பின் கையில் தெரிவைக் கொடுத்தது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது என்னும் எளிய கணக்கு இங்கே நிற்காது. (மலேசியாவில் கொலை வழக்குகள் பொது நீதிமன்றங்களுக்கே செல்கின்றன, ஷரியா நீதிமன்றங்கள் முஸ்லிம்களின் குடும்ப, சமய விவகாரங்களைக் கவனிக்கின்றன.)

ஹலாலும் கோஷரும்

உணவைப் பற்றித்தான் மிக அதிகமாகத் தவறாகப் பேசப்படுகிறது. யூதர்களின் உணவு விதிப்படி உண்ணத் தக்கதைக் கோஷர் என்பார்கள். பன்றி இரண்டிலும் விலக்கு, இரத்தம் இரண்டிலும் விலக்கு, கழுத்தை அறுத்து இரத்தத்தை வடியவிடுவது இரண்டிலும் தேவை. இந்த ஒற்றுமைகளோடு நின்றுவிடுபவர்கள் இரண்டும் ஒன்றே என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

ஒரு நாசி கண்டார் கடையின் முன்னால் நின்று பார்த்தாலே வேறுபாடு புலப்படும். இறால் சம்பால், கணவாய்க் கறி, நண்டு எதுவும் கோஷர் ஆகாது. செதிலும் துடுப்பும் உள்ள நீர்வாழ் உயிரே ஆகும் என்கிறது லேவியராகமம். ஷாஃபி மத்ஹபில் இறாலும் கணவாயும் ஹலால். ஹனஃபியிலோ கடல் உயிரினங்களில் மீன் மட்டுமே ஆகும், இறால் மீன்தானா என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. தயிரில் ஊறவைத்த ஆட்டிறைச்சியும் கோஷர் ஆகாது. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்று தோரா மூன்று இடங்களில் சொல்வதிலிருந்து, இறைச்சியையும் பால் பொருளையும் அடியோடு பிரித்துவைத்தது யூத மரபு. ஒட்டகம் யூதர்களுக்கு விலக்கு, முஸ்லிம்களுக்கு ஆகும். திராட்சை மது யூதர்களின் ஓய்வுநாள் விருந்தில் புனிதச் சடங்கின் பகுதி. முஸ்லிமுக்கு ஒரு துளியும் ஹராம்.

வேதம் அளிக்கப்பட்டோரின் உணவு உங்களுக்கு ஆகும் என்று குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் ஐந்தாம் வசனம் அனுமதிக்கிறது. வேதக்காரர்களின் அறுப்பை முஸ்லிம்கள் உண்ணலாம் என்பதற்கு இதுவே ஆதாரம். கதவைக் குர்ஆனே திறந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கோஷர் முத்திரைக்கு இஸ்லாமியச் சட்டத்தில் தனக்கென எந்த அதிகாரமும் இல்லை.

நெருங்கியும் விலகியும்

மதீனாவுக்கு வந்த பின்னர் பதினாறு அல்லது பதினேழு மாதங்கள் நபிகள் நாயகம் ஜெருசலேமை நோக்கித் தொழுதார். அதன் பின்னரே தொழும் திசை மக்காவின் கஅபாவுக்கு மாறியது. மதீனத்து யூதர்கள் ஆஷூரா நாளில் (முஹர்ரம் மாதத்தின் பத்தாம் நாள்), மூஸா நபி காப்பாற்றப்பட்டதற்காக நோன்பு வைப்பதைக் கண்டு, மூஸாவுக்கு உங்களைவிட நாங்களே உரியவர்கள் என்று கூறித் தாமும் நோன்பு வைத்தார். பின்னர் ரமலான் நோன்பு கடமையானபோது ஆஷூரா விருப்ப நோன்பாயிற்று. யூதர்களிலிருந்து வேறுபடும் வண்ணம் ஒன்பதாம் நாளையும் சேர்த்துக்கொள்ளும் எண்ணத்தை அவர் வெளியிட்டதாக ஹதீஸ் கூறுகிறது.

வட்டியிலும் இத்தகைய நெருக்கமும் விலகலும் உண்டு. சகோதரனிடம் வட்டி வாங்காதே, அந்நியனிடம் வாங்கலாம் என்கிறது உபாகமம். இஸ்லாத்தின் தடையில் இந்தப் பிரிவினைக்குப் பெரும்பாலான அறிஞர்கள் இடம் தரவில்லை. வணிகத்துக்கு முதல் வேண்டும் என்ற தேவை இருவரையும் ஒரே திசையில் தள்ளியது. கடனைக் கூட்டு முதலீடாக மாற்றியெழுதும் ஹெத்தேர் இஸ்கா என்னும் ஆவணத்தை யூத அறிஞர்கள் உருவாக்கினார்கள். முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது, இலாபம் பங்கு என்னும் முழாரபாவை முஸ்லிம்கள் கைக்கொண்டார்கள். மலேசியாவில் 1983இல் தோன்றிய முதல் இஸ்லாமிய வங்கியும் முழாரபாவைப் பயன்படுத்தியது.

யூதர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?

தோராவின் 613 கட்டளைகள் யூதர்களுக்கு மட்டுமே உரியவை. மற்றவர்களுக்கு நூஹ் நபியின் (நோவா) வழியே வந்த ஏழு அடிப்படைக் கட்டளைகள் போதும் என்பது யூத மரபு. ஆகவே ஒரு முஸ்லிம் தோராவைப் பின்பற்றவில்லை என்பது அவர்களுக்குக் குறையாகத் தெரிவதில்லை. அவர்கள் மறுப்பது நஸ்கைத்தான். 1138இல் ஸ்பெயினின் குர்துபாவில் பிறந்து எகிப்தில் வாழ்ந்து மறைந்த யூத அறிஞர் மூஸா இப்னு மைமூன், தோரா ஒருபோதும் மாற்றப்படாது என்பதை யூத நம்பிக்கையின் பதின்மூன்று கோட்பாடுகளில் ஒன்பதாவதாக வைத்தார். அதே அறிஞர், முஸ்லிம்கள் சிலைவணங்கிகள் அல்லர், அவர்களின் ஓரிறை நம்பிக்கை தூயது என்றும் தீர்ப்பளித்தார்; அந்தப் பதின்மூன்று கோட்பாடுகளை அவர் எழுதிய மொழியும் அரபுதான்.

இஸ்லாம் யூத மதத்திலிருந்து எவற்றைப் பெற்றது என்ற ஆராய்ச்சியை 1833இல் ஜெர்மானிய யூத அறிஞர் ஆபிரகாம் கைகர் தொடங்கிவைத்தார். "பார்த்து எழுதியது" என்னும் பேச்சின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. பின்வந்த ஆய்வாளர்கள் ஒருவழிப் பாய்ச்சலைப் பேசுவதை விட்டுவிட்டு, இரு சமூகங்களும் ஒரே நகரங்களில் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்ததையே அதிகம் பேசுகிறார்கள். தவ்ராத் தங்களிடம் இருக்கும்போது இந்த யூதர்கள், நபியே, உம்மிடம் எதற்குத் தீர்ப்புக் கேட்டு வருகிறார்கள் என்று ஐந்தாம் அத்தியாயத்தின் 43ஆம் வசனம் வியக்கிறது. முஸ்லிம் ஆட்சிகளில் யூதர்கள் தங்கள் குடும்ப வழக்குகளைத் தங்கள் நீதிமன்றங்களிலேயே தீர்த்துக்கொள்ளும் உரிமை பெற்றிருந்தார்கள். ஆயினும் வசதி கருதி முஸ்லிம் நீதிபதியான காழியிடம் செல்பவர்கள் இருந்தார்கள் என்பதைக் கெய்ரோவின் பழைய தொழுகைக்கூடம் ஒன்றில் கிடைத்த ஆவணக் குவியல் காட்டுகிறது. 7ஆம் நூற்றாண்டில் பாபிலோனிய யூத அறிஞர்கள், மணவிலக்குக் கோரும் பெண்ணுக்குக் காத்திருப்பின்றி அதைப் பெற்றுத்தரும் புதிய விதியைக் கொண்டுவந்தார்கள். அவ்விதி இல்லாவிட்டால் யூதப் பெண்கள் பிற சமயத்தாரின் நீதிமன்றத்துக்குச் சென்றுவிடுவார்கள் என்பதை அதற்குக் காரணமாக அவர்களின் பிற்கால அறிஞர்களே பதிவுசெய்திருக்கிறார்கள்.